வெயிலும் வீடும்

மின்கட்டணச் சீட்டு ஒன்று என்னை வரலாற்று நூல்களை நோக்கித் திருப்பியது என்றால் நீங்கள் வியப்படையலாம். சென்னையில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டுக் கோடையில், கட்டணத்திற்கு அஞ்சி என் அன்னையார் நடுப்பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தபடி அமர்ந்திருக்கக் கண்டேன். அக்காட்சி என் நெஞ்சை உறுத்தியது. மின்சாரம் இல்லாத நாளில் நம் முன்னோர் இவ்வெயிலை எவ்வாறு தாங்கினர் என்று ஆராயலானேன்.

சிலப்பதிகாரம் காட்டும் மாளிகைகளில் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இருவகை இடங்கள் இருந்தன. பருவத்திற்கேற்ப மாந்தர் இடம் மாறி வாழ்ந்தனர். பிற்காலத்து வீடுகளில் தாழ்ந்திறங்கிய கூரை, சுவரின்மேல் வெயில் படாமல் காத்தது. முற்றம் காற்றுக்கு வழிவிட்டது. 'மதராஸ் தளம்' என்று பெயர் பெற்ற கூரையோ தனிச்சிறப்புடையது. தேக்குக் கட்டைகளின்மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் சல்லியும் இட்டு, மேலே தட்டோடு பதிப்பர். அத்தடித்த தளத்தைக் கடந்து வெப்பம் உள்ளே இறங்க நெடுநேரம் ஆகும்.

செல்வர் சிலர் குளிர்ச்சியை விலை கொடுத்தே வாங்கினர். அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டூடர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். அதனைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்ததே 'ஐஸ் ஹவுஸ்'. இன்று அது விவேகானந்தர் இல்லம். கடல் கடந்து வந்த பனிக்கட்டியும், வெப்பம் புகாமல் காத்தால்தானே பயன்படும்?

1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல மின்சாரம் இல்லங்களை அடைந்தது. கான்கிரீட் கூரைகளும் பெருகின. காப்பில்லாத கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அறைக்குள் உமிழும். நாமோ கூரையை மறந்து, விசிறியை நம்பினோம்.

இதனை உணர்ந்தபின் எங்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். மேற்குச் சாளரத்திற்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினோம். பின்னரே கருவிகளைக் கணக்கிட்டோம். 75 வாட் விசிறி நாள்தோறும் 10 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 45 யூனிட் செலவாகும். புதுவகை 30 வாட் விசிறிக்கோ 18 யூனிட் போதும். ஒரு விசிறியிலேயே 27 யூனிட் மிச்சம்! குளிர்சாதனம் உடையோர் அதனை 24 பாகையில் வைப்பது நலம்; ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனத் துறை கூறுகிறது.

இவ்வாண்டுக் கோடையில் எங்கள் கட்டணம் குறைந்தது. அதனினும் மேலாக, என் அன்னையார் நடுப்பகலில் அச்சமின்றி விசிறியின்கீழ் அமர்கிறார். சிக்கனம் என்பது உடலை வருத்துவதன்று. நண்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக் கூரையைச் சற்றே தொட்டுப் பாருங்கள். உங்கள் கட்டணத்தின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.