நியூயார்க் சேர்க்க மறுத்த மாணவர், கிளாஸ்கோ வார்டில் பார்த்தது என்ன?

வெளிநாட்டு மருத்துவமனையில் சில வாரப் பயிற்சி என்பது இன்று மருத்துவ மாணவர்களுக்குப் பழகிப்போன விஷயம். மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1951-இல் தொடங்கப்பட்டது. மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் பரிமாற்றத் திட்டங்கள் அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. போய்வந்தவர்கள் ஒரு சான்றிதழோடு திரும்புகிறார்கள். அந்த வார்டில் அவர்கள் யாருடைய கண்களால் பார்த்தார்கள் என்பதை நாம் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியோடு ஒரு பழைய வரலாற்றுக்குப் போவோம்.

ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் 1813-இல் நியூயார்க்கில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தார். நியூயார்க் மாநிலச் சட்டம் 1827 ஜூலை 4 அன்று அங்கே எஞ்சியிருந்த அடிமைகளை விடுவித்தபோது அவருக்கு வயது 14. கறுப்பினக் குழந்தைகளுக்கான ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் படித்தவர். 1824-இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அந்தப் பள்ளிக்கு வந்தபோது வரவேற்புரை வாசித்த சிறுவன் அவர்தான்.

கொலம்பியா கல்லூரியும் ஜெனீவா மருத்துவக் கல்லூரியும் அவரைச் சேர்க்க மறுத்தன. காரணம் தோலின் நிறம். கறுப்பினப் போதகர் பீட்டர் வில்லியம்ஸ் அவருக்குத் துணை நின்றார். அடிமை ஒழிப்பு ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். 1832-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். 1835-இல் இளங்கலை, 1836-இல் முதுகலை, 1837-இல் மருத்துவப் பட்டம். பல்கலைக்கழக மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். 'தகுதி இல்லை' என்று ஒரு நாடு தள்ளியவர் இன்னொரு நாட்டில் முன்வரிசை மாணவர். தகுதி என்பது கதவைக் காப்பவர்கள் கையிலிருக்கும் அளவுகோல் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளாஸ்கோவைப் புனித பூமியாக்கவும் வேண்டாம். அந்த நகரத்தின் செல்வம் அடிமைகள் விளைவித்த புகையிலையிலும் சர்க்கரையிலும் வளர்ந்தது. அடிமை முறையால் கிடைத்த நன்கொடைகளில் தானும் பயனடைந்ததை அந்தப் பல்கலைக்கழகமே 2018-இல் அறிக்கையாக வெளியிட்டு ஒப்புக்கொண்டது. அதே நகரத்தில்தான் அடிமை ஒழிப்புச் சங்கமும் இயங்கியது. மாணவர் ஸ்மித் அதில் தீவிரமாகப் பங்கேற்றார்.

இனி வார்டுக்குள் போவோம். கிளாஸ்கோவின் லாக் மருத்துவமனை 1805-இல் தொடங்கப்பட்டது. பால்வினை நோய் கண்ட ஏழைப் பெண்களுக்கானது. ஊரே ஒழுக்கம் கெட்டவர்கள் என்று முத்திரை குத்திய பெண்கள். ஸ்மித் அங்கே பயிற்சி பெற்றார். அவர்கள்மீது வெள்ளி நைட்ரேட் சிகிச்சை சோதிக்கப்படுவதைக் கண்டார். சதையைச் சுட்டுப் புண்ணாக்கக்கூடிய இரசாயனம் அது. அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அவருடைய நிலையை யோசித்துப் பாருங்கள். அயல்நாட்டவர், கறுப்பினத்தவர், வயது இருபதுகளில். சிகிச்சையை நடத்துபவர்களோ அனுபவம் மிக்க மருத்துவர்கள். வாயை மூடிக்கொண்டு பட்டத்தோடு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1837-இல் 'லண்டன் மெடிக்கல் கெசட்' இதழில் இந்தச் சிகிச்சையின் கேட்டை வெளிப்படுத்தி எழுதினார். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் மருத்துவ அறிவியல் இதழில் எழுதிய முதல் கட்டுரைகளாக இவற்றை வரலாற்றாளர்கள் குறிக்கிறார்கள். அந்த முதல் எழுத்து யாருக்காக என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் எழுதியது தன் இனத்தாருக்காக அல்ல. குரலற்றிருந்த வெள்ளை இன ஏழைப் பெண்களுக்காக.

லாக் மருத்துவமனை என்ற பெயர் நம் மண்ணுக்கும் அந்நியமல்ல. சென்னை மாகாணத்திலும் அவை இருந்தன. 1868-இன் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ், பாலியல் தொழில் செய்பவர்கள் என்று பதிவு செய்யப்பட்ட பெண்கள் கட்டாயப் பரிசோதனைக்கு இழுக்கப்பட்டார்கள். நோய் கண்டால் அடைத்து வைக்கப்பட்டார்கள்.

பட்டம் பெற்றபின் ஸ்மித் பாரிசில் குறுகிய காலப் பயிற்சி பெற்றார். நோயாளிகளைக் கணக்கெடுத்து, சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதை எண்களால் சோதிக்கும் முறை அன்றைய பாரிஸ் மருத்துவமனைகளில் வளர்ந்துகொண்டிருந்தது. எண்களை ஆயுதமாக்கும் இந்தப் பழக்கம் அவருக்குப் பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது.

1837-இல் நியூயார்க் திரும்பி மருத்துவமும் மருந்துக்கடையும் தொடங்கினார். கறுப்பின அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் மருத்துவராகச் சுமார் 20 ஆண்டுகள் பணியாற்றினார். 1840 அமெரிக்கக் கணக்கெடுப்பு, சுதந்திரம் பெற்ற வடமாநிலக் கறுப்பினத்தவரிடையே மனநோய் மிக அதிகம் என்றது. விடுதலை அவர்களுக்கு ஒத்துவராது என்று வெளியுறவுச் செயலர் ஜான் கால்ஹூன் 1844-இல் அதை ஆதாரமாகக் காட்டினார். ஸ்மித் அந்த அட்டவணைகளைப் பிரித்து ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவர்கூட வசிக்காத ஊர்களிலும் 'கறுப்பின மனநோயாளிகள்' பதிவாகியிருந்தார்கள்! பொய்க்கணக்கை அம்பலப்படுத்தி அமெரிக்க செனட்டுக்கே மனு அனுப்பினார்.

இத்தனைக்கும் பிறகு அமெரிக்க மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராக்கவே இல்லை. நியூயார்க் மருத்துவ அகாடமியில் 1847-இல் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, ஏற்கவில்லை. 2018-இல், அவர் இறந்து 153 ஆண்டுகள் கழித்து, அதே அகாடமி அவருக்கு உறுப்பினர் தகுதி அளித்தது. இறந்தவருக்கு மாலை போடுவது எல்லா நாட்டிலும் சுலபம்.

ஸ்மித்தைச் சேர்க்க மறுத்த அதே கொலம்பியாவுக்குத்தான் 1913-இல் பரோடா உதவித்தொகையோடு அண்ணல் அம்பேத்கர் போய்ச் சேர்ந்தார். இருவரும் வெளிநாட்டுப் படிப்பைத் தப்பிக்கும் வழியாகக் கொள்ளவில்லை. கற்றதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தங்களைத் தள்ளி வைத்த சமூகத்தோடு மோதினார்கள். இருவரின் பயணத்துக்கும் வேறு யாரோ பணம் கொடுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இன்று பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு மட்டுமே. எம்.பி.பி.எஸ். படிக்கும்போது போகும் சில வாரப் பயிற்சிக்கு விமானச் செலவும் தங்கும் செலவும் அப்பாவின் பணப்பையிலிருந்துதான் வர வேண்டும். கூலி வேலை செய்யும் அப்பாவிடம் அது இருக்காது. உள்நாட்டிலும் நிலைமை மோசம். எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள்மீது காட்டப்படும் பாகுபாட்டை 2007-இல் தோரட் குழு பதிவு செய்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு. குறுகிய கால வெளிநாட்டுப் பயிற்சிக்கும் அரசு உதவித்தொகை வேண்டும். அதுவரை நம் அமைப்புகள் பணம் திரட்ட வேண்டும். இரண்டாவது கோரிக்கை, அப்படிப் போகும் தோழர்களிடம். எந்த நாட்டு வார்டானாலும், அங்கே ஆகக் கடைசிக் கட்டிலில் இருப்பவர் யார், அவரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று பாருங்கள். பார்த்ததை எண்களோடு எழுதுங்கள்.