பெயர்மாற்றமும் கருத்துமாற்றமும்: ஒரு மகளிர் நோயின் வரலாறு

ஒரு நோய்க்கு மருத்துவர் இடும் பெயர் வெறும் அடையாளக் குறியன்று. அந்நோய் எதனால் வந்தது என அக்காலத்தார் கொண்டிருந்த நம்பிக்கையே பெயராக உறைந்து நிற்கின்றது. கருவளக் காலத்து மகளிரிடையே மிகப் பரவலாகக் காணப்படுவதும், மீன்நாற்றமுடைய கசிவினால் அறியப்படுவதுமான யோனிமடற் கோளாறு ஒரு நூற்றாண்டுக்குள் பல பெயர்களைப் பெற்றமை இதற்குத் தக்க சான்றாகும்.

பிரசவக் காய்ச்சலின் காரணத்தை ஆராய்ந்த ஜேர்மன் மருத்துவர் அல்பேட் டோடலைன், நலமான பெண்களின் யோனிமடலில் கோலுருவான பற்றீரியா வாழ்வதை 1892 இல் விவரித்தார். இது சுரக்கும் இலற்றிக் அமிலம் ஏனைய கிருமிகளைத் தடுக்கின்றது என்பதே அவர் துணிபு. இன்று இவ்வினத்தை இலக்டோபசிலசு என்பர். கிருமிகள் யாவும் பகையெனக் கருதப்பட்ட காலத்தில், காவல்புரியும் கிருமியும் உண்டு என்பது புதுமையான கருத்தாகும்.

ஆயினும் அடுத்து வந்தோர் பகைவன் ஒருவனையே தேடினர். நெடுங்காலம் 'காரணம் குறிக்கப்படாத அழற்சி' எனப்பட்ட இந்நோய்க்கு, அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகர மருத்துவரான காட்னரும் டியூக்சும் 1955 இல் ஹீமோபிலசு வஜினாலிசு என்னும் பற்றீரியாவே காரணம் என அறிவித்தனர். அதை நிறுவ அவர்கள் நலமான பெண்களின் உடலிலே பரிசோதனை நடத்தினர். தூய வளர்ப்பு இடப்பட்ட 13 பேருள் ஒருவரே நோயுற்றார். நோயாளரின் கசிவு இடப்பட்ட 15 பேருள் 11 பேர் நோயுற்றனர். நலமாயிருந்தோருக்கு நோயை வருவித்த இச்செயலை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அவ்வாறு பெறப்பட்ட சான்றுகூடச் சரிவர வாசிக்கப்படவில்லை என்பதே வேதனைக்குரியது. தனிக்கிருமி போதாது, கசிவிலுள்ள பிறவும் வேண்டும் என்றே அவ்வெண்கள் கூறின.

அவ்வுண்மை வேறுவழியாக வெளிப்பட்டது. மெற்றோனிடசோல் என்னும் மருந்து இந்நோயைத் தணிப்பதாகச் சியாட்டில் ஆய்வாளர் 1978 இல் காட்டினர். ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாக்களையே அம்மருந்து வலிமையாகத் தாக்கும். எனவே அவையும் இந்நோயிற் பங்குகொள்கின்றன என்பது புலனாயிற்று. 1980 இல் காட்னரின் கிருமி காட்னரெல்லா எனப் பெயர்பெற்றது. ஆனால் 1984 அளவில் நோயின் பெயரிலிருந்து அக்கிருமியே நீக்கப்பட்டது. அழற்சி வெளிப்படையாகத் தோன்றாமையால் அழற்சியைக் குறித்த ஈறும் கைவிடப்பட்டு, 'பற்றீரியல் வஜினோசிஸ்' என்னும் பெயர் நிலைபெற்றது. படையெடுப்பு என்ற கருத்து, சமநிலைக் குலைவு என்ற கருத்துக்கு இடம்விட்டது.

காவலரின் ஆயுதம் யாது என்ற வினா எஞ்சியது. ஐதரசன் பரவொட்சைட்டைச் சுரக்கும் இலக்டோபசிலசு நலமான பெண்களுள் 96 சதவீதத்தினரிடமும் நோயுற்றோருள் 6 சதவீதத்தினரிடமும் இருந்ததாக 1989 இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஒட்சியேற்றத் தாக்கமே பகைக்கிருமிகளை அழிக்கின்றது என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. ஆனால் யோனிமடலில் ஒட்சிசன் மிகக் குறைவு. அங்குள்ள திரவமும் பரவொட்சைட்டின் வலிமையை அடக்கிவிடுகின்றது. உடலிற் காணப்படாத உயர்செறிவில் அது இலக்டோபசிலசுகளையே மிகுதியாக அழித்தது என்பதும், இலற்றிக் அமிலமோ அவற்றைக் காத்துப் பிறவற்றை ஒடுக்கியது என்பதும் 2011 இல் வெளியாகின. ஏறத்தாழ 120 ஆண்டுகள் சுற்றிவந்த ஆய்வு டோடலைனின் அமிலத்திடமே மீண்டது.

கலங்களுக்கு நேரும் சேதமும் படிப்படியாகவே விளங்கியது. பற்றீரியாக்கள் மேலணிக் கலங்களைப் போர்வைபோல் மூடுவதை 1955 இலேயே நுணுக்குக்காட்டி காட்டிற்று. காட்னரெல்லா சுரக்கும் வஜினோலைசின் என்னும் புரதம் கலமென்சவ்விற் துளையிடுவது 2008 இல் விவரிக்கப்பட்டது. குறைமாதப் பிரசவமும் எச்.ஐ.வி. தொற்றும் இந்நோயுடையோரிடையே கூடுதலாகக் காணப்படுவதால் இதனைச் சிறு தொல்லையென ஒதுக்கவியலாது.

இவ்வளவு காலமும் மருந்து பெண்ணுக்கே கொடுக்கப்பட்டது. நோய் மீண்டும் மீண்டும் வந்தது. 2025 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் ஆண் துணைவருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டபோது, 12 வாரங்களுக்குள் நோய் மீண்டோர் தொகை 63 சதவீதத்துக்குப் பதிலாக 35 சதவீதமாயிற்று. அசுத்தத்தால் வந்ததென எண்ணி நாணி, உட்புறத்தை ஓயாது கழுவிக் காவற்கிருமிகளையே இழந்த பெண்கள் எண்ணற்றோர். மருத்துவம் நோயின் பெயரைத் திருத்திவிட்டது. பெண்மீது சுமத்தப்பட்ட பழியைத் திருத்துவது சமூகத்தின் கடமையாக எஞ்சியுள்ளது.