ஆர்.கே. நகர்: சின்னமும் வாரிசுரிமையும் (1977–2021)

வடசென்னையின் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளை உள்ளடக்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதி பெரும்பாலும் ஆட்சி அமைக்கும் அணியின் பக்கமே நின்றிருக்கிறது. 1977 முதல் 2016 வரை நடந்த பத்துப் பொதுத்தேர்தல்களில் இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. 1980இல் அதிமுக ஆட்சியைப் பிடித்தபோது இங்கே இந்திரா காங்கிரஸ் வென்றது. 2006இல் திமுக கோட்டைக்குப் போனபோது இங்கே அதிமுகவின் பி.கே. சேகர்பாபு வென்றார். இந்தப் பின்னணியில் 2017 டிசம்பர் இடைத்தேர்தல் முடிவை எப்படி விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொகுதியில் சின்னத்துக்கு இருந்த வலிமையை 2011 காட்டுகிறது. 2001, 2006 ஆகிய இரு தேர்தல்களிலும் அதிமுகவின் இரட்டை இலையில் வென்ற சேகர்பாபு, அந்த முறை திமுகவின் உதயசூரியனில் நின்று அதிமுகவின் பி. வெற்றிவேலிடம் தோற்றார். தொகுதிக்கு நன்கு பழகிய முகத்தைவிடச் சின்னமே மேலோங்கியது.

2015இல் ஜெயலலிதா போட்டியிட வசதியாக வெற்றிவேல் பதவி விலகினார். திமுக புறக்கணித்த அந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா 1,60,432 வாக்குகள் பெற்றார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. மகேந்திரன் 9,710 வாக்குகளோடு வைப்புத்தொகையை இழந்தார். எதிரணி களமிறங்கிய 2016இல் உண்மையான பலம் வெளிப்பட்டது: ஜெயலலிதா 97,218, திமுகவின் சிம்லா முத்துச்சோழன் 57,673. ஓராண்டுக்குள் 1,50,722 என்ற வித்தியாசம் 39,545 ஆகச் சுருங்கியது.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார், கட்சி பிளந்தது, இரட்டை இலை முடக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 12இல் நடக்கவிருந்த வாக்குப்பதிவை, பணப்பட்டுவாடா புகார்களையும் வருமானவரிச் சோதனையில் கிடைத்த ஆவணங்களையும் முன்னிட்டுத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. நவம்பரில் சின்னம் எடப்பாடி பழனிசாமி, ஓ. பன்னீர்செல்வம் அணிக்குத் திரும்பியது. 1991இல் இதே தொகுதியில் வென்ற இ. மதுசூதனன் அச்சின்னத்தில் நின்றார். பிளவின் மறுதரப்பில் இருந்த டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார்.

டிசம்பர் 24இல் எண்ணியபோது தினகரன் 89,013, மதுசூதனன் 48,306, திமுகவின் மருது கணேஷ் 24,651 வாக்குகள் பெற்றிருந்தனர். பாஜக பெற்ற 1,417 வாக்குகள் நோட்டாவின் 2,373ஐவிடக் குறைவு.

அதிமுக வாக்கு இரண்டாகப் பிரிந்தது என்ற விளக்கம் இந்த எண்களுக்குப் பொருந்தாது. தினகரனும் மதுசூதனனும் சேர்ந்து பெற்றவை 1,37,319. இது 2016இல் ஜெயலலிதா பெற்றதைவிட 40,101 அதிகம். பதிவான மொத்த வாக்குகளோ இரு தேர்தல்களிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். திமுகவோ 33,022 வாக்குகளை இழந்து வைப்புத்தொகையையும் பறிகொடுத்தது. 2016இல் திமுகவுக்கு எதிரான அணியில் நின்று தனி வேட்பாளரை நிறுத்திய விடுதலைச் சிறுத்தைகளும், இடதுசாரிகளும், மதிமுகவும் இம்முறை திமுகவை ஆதரித்தும் இந்நிலை. ஆளுங்கட்சியின் மீது கோபம் கொண்டவர்களில் கணிசமானோர் திமுகவை விடுத்துத் தினகரன் பக்கம் திரண்டனர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பணம்தான் காரணம் என்ற வாதமும் முழுமையானதன்று. பணம் கொடுத்ததாக இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம்சாட்டின. அதிகாரம் கையில் இருந்த தரப்பே தோற்றது.

2021 இந்த வாசிப்பைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது. தினகரன் கோவில்பட்டிக்குச் சென்று அங்கே தோற்றார். ஆர்.கே. நகரில் திமுகவின் ஜே.ஜே. எபினேசர் 95,763 வாக்குகள் பெற்று அதிமுகவின் ஆர்.எஸ். ராஜேஷை (53,284) வென்றார். நான்காண்டுக்கு முன் வைப்புத்தொகை இழந்த கட்சி பாதிக்கு மேற்பட்ட வாக்குகளோடு எழுந்தது. தொகுதி மீண்டும் ஆளும் அணியோடு சேர்ந்தது.

2017இல் வாக்காளர் முன் இருந்தது யார் ஆளுவது என்ற கேள்வியன்று. ஓர் இடத்தால் ஆட்சி மாறப்போவதில்லை. ஜெயலலிதாவின் இடத்துக்கு யார் உரியவர் என்பதே அன்றைய வழக்கு. அதில் ஆணையம் அளித்த சின்னத்தை வாக்காளர் சான்றாக ஏற்கவில்லை. ஆட்சி யாருக்கு என்ற கேள்வி எழுந்த அடுத்த தேர்தலில் பழைய இரு சின்னங்களுக்கிடையிலான போட்டி மீண்டது. ஆகவே இடைத்தேர்தல் முடிவைக் கட்சிகளின் பலத்துக்கு அளவுகோலாகக் கொள்வதைவிட, அன்று எழுந்த குறிப்பிட்ட கேள்விக்கான விடையாகக் கொள்வதே பொருத்தம்.