சொல் அந்நியமாதல்

நன்கு பழகிய ஒரு சொல்லை விடாமல் சொன்னாலோ எழுதினாலோ உற்றுப் பார்த்தாலோ, அதன் பொருள் கழன்று வெறும் ஓசையாகவோ கோடுகளாகவோ தோன்றும் அனுபவம். நோயன்று, கொஞ்சம் விட்டுப் பிடித்தால் சரியாகிவிடும்.

ஆய்வகத்தில் இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் வாசர் கல்லூரியைச் சேர்ந்த எலிசபெத் செவரன்ஸ், மார்கரெட் வாஷ்பர்ன் இருவரும் (1907). அச்சிட்ட சொல்லொன்றை மூன்று நிமிடம் உற்றுப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்குச் சொல் துண்டுதுண்டானது. 1962இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேகபோவிட்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு நிலைத்த கலைச்சொல்லைத் தந்தார். சோர்வது கண்ணோ காதோ அல்ல, சொல்லின் வடிவத்தைப் பொருளோடு சேர்க்கும் இணைப்பே என்பது பின்வந்த ஆய்வுகள் வலுப்படுத்திய விளக்கம்.

1958இல் ரிச்சர்ட் வாரனும் ரிச்சர்ட் கிரிகரியும் கண்டது சற்று வேறு. ஒலிநாடாவில் ஒரே சொல்லைச் சுழலவிட்டபோது, கேட்டவர்களின் காதில் அது வேறு சொற்களாக மாறி மாறி விழுந்தது. வேடர் ‘மரா மரா’ என்று சொல்லச் சொல்ல ‘ராம ராம’ ஆனது என்னும் வால்மீகி கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வால்மீகியின் காப்பியத்தில் இல்லாத அக்கதை, பிற்கால அத்யாத்ம ராமாயணத்தில் உண்டு. அங்கே பழைய பொருள் உதிர்வது குறையன்று, வழி.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திரத்தின் புத்தூர் வட்டாரத்தில் திரும்பச் சொல்லுதல் அன்றாட வழக்கம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருமலைக்கு நடப்பவர்கள் ‘கோவிந்தா’ என்பதை வழிநெடுகச் சொல்கிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொல்வதால் நடுவே இடைவெளி விழுகிறது. ஆய்வகத்தின் தனிமை அதில் இல்லை. எனவே அதை இந்த அனுபவத்துக்கு நேர்ச்சான்றாக வைப்பது சரியாகாது.

நெருங்கிய ஒப்புமை ராமகோடி. கட்டம் போட்ட நோட்டில் ராமநாமத்தைக் கோடி முறை எழுதும் இவ்வழக்கம் ஆந்திரத்தில் பரவலானது. தமிழர் ‘ஸ்ரீராமஜெயம்’ எழுதுவர். இதேபோல் ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் எழுதவைத்த சோதனைக்குத்தான் கிறிஸ் மௌலின், அகிரா ஓ’கானர் குழு 2023இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசைப் பெற்றது. பங்கேற்ற 94 மாணவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர், சொல் விசித்திரமாகிவிட்டது என்று ஒருமுறையேனும் எழுதுவதை நிறுத்தினர். பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில், முப்பது சொச்சம் தடவையிலேயே.

ராமகோடி எழுதுபவருக்கு அந்த இடம் முதல் பக்கத்திலேயே வந்துவிடக்கூடும். நாளொன்றுக்கு 1000 வீதம் எழுதினாலும் கோடியை முடிக்க 27 ஆண்டுகளுக்கு மேலாகும்.