இருமுகக் கல்

ஆந்திரத்தின் பல்நாட்டில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் இளம்பச்சை கலந்த வெண்மை நிறம் கொண்டது. ஆங்கிலேயர்கள் அதைப் பளிங்கு என்றே எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், அந்த வகைக் கல்லில் வெட்டிய ஒரு பலகை கிருஷ்ணை நதியின் தென்கரையில் இருந்த அமராவதி பௌத்த மகாதூபிக்கு வந்து சேர்ந்தது. தூபியின் விட்டம் சுமார் 50 மீட்டர்.

கி.மு. முதல் நூற்றாண்டில் சிற்பி அதில் செதுக்கியது ஒரு மரம், அதனடியில் வெற்று இருக்கை, சுற்றிலும் கும்பிட்டு நிற்கும் அடியார்கள். புத்தரை மனித உருவில் காட்டாமல் மரத்தாலும் பாதச்சுவட்டாலும் உணர்த்துவது அன்றைய மரபு.

இப்படிப்பட்ட பலகைகளுக்குப் பணம் கொடுத்தது யார்? அரசர்கள் மட்டுமல்ல என்று அமராவதிக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தோல் வேலை செய்யும் விதிகன் என்பவர் தாய், மனைவி, மக்களோடு சேர்ந்து பூரண கும்பம் செதுக்கிய பலகை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வாசனைப் பொருள் விற்றவர், பிக்குணிகள், இல்லறப் பெண்கள் எனக் கொடையாளர் பட்டியல் நீள்கிறது. தமிழர் ஒருவரும் அதில் உண்டு. 'தமிள' என்ற அடைமொழியோடு வரும் கண்ணன், தம்பியோடும் தங்கையோடும் ஒரு கல்லை அளித்திருக்கிறார். பிறப்பும் தொழிலும் எதுவானாலும், புண்ணியத்தில் பங்கு கேட்கலாம், பெயரையும் கல்லில் பொறிக்கலாம் என்று பௌத்தம் கதவைத் திறந்து வைத்திருந்தது. வணிகம் செழித்த கிருஷ்ணைக் கரையில் கையில் காசு புரண்டவர்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தூபியைப் புதுப்பித்தபோது நம் பலகையைத் தூக்கி எறியவில்லை. திருப்பி வைத்து, வெறுமையாக இருந்த பின்புறத்தில் ஒரு தூபியையே முழுதாகச் செதுக்கினார்கள். அதற்குள் அமராவதிச் சிற்பங்களில் புத்தர் மனித உருவிலும் வரத் தொடங்கியிருந்தார். வழிபாடு மாறியதற்கு ஒரே கல்லின் இரு முகங்களும் சாட்சி.

பிறகு புரவலர்கள் மெல்லக் குறைந்தார்கள். ஆனாலும் இடம் உடனே மறக்கப்படவில்லை. அங்குள்ள விகாரை ஒன்றை இலங்கைத் துறவி ஒருவர் செப்பனிட்டதாக 1344-ஆம் ஆண்டின் கடலாதெனிய கல்வெட்டு கூறுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் ஜமீன்தார் புது ஊர் கட்ட, தூபி புதைந்து கிடந்த மேட்டைத் தோண்டினார். 1797-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அங்கே வந்தார். 1845-இல் கம்பெனியின் இன்னொரு அதிகாரியான வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த சிற்பங்கள் சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் பல கற்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கும் ஒரு கொட்டகையில் கிடந்தவற்றைக் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் பெர்குசன் கண்டெடுத்து, 1868-இல் நூலில் வெளியிட்டார். 1880-இல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமையாயின. இருமுகப் பலகையும் இன்று அங்கேதான்.

லண்டன் போகாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்களைப் பார்க்கலாம். சிற்பங்களில் கண் நிலைத்துவிடும் என்பதால், கொடையாளர் பெயர்களைச் சொல்லும் விளிம்பிலுள்ள பிராமி எழுத்துகள் எளிதில் தப்பிவிடும். பண்டைய இந்தியாவில் ஒரு மதம் சமூகத்தை எப்படி மாற்றியது என்பதற்கான நேரடிச் சான்று அந்த விளிம்பில்தான் இருக்கிறது.