காணாமல் போன 125 ஏரிகள்

என் வேலையில் தினமும் பழைய கோடையும் புது கோடையும் பக்கத்துல வெச்சு எது மாறியிருக்குன்னு பார்ப்பேன். பழசு கையில இல்லன்னா ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு அதே மாதிரி சைபீரியாவைப் பார்த்த கதை.

1972 ஜூலையில் அமெரிக்கா லேண்ட்சாட் 1 செயற்கைக்கோளை அனுப்பியது. பயிர், கனிமம், காடு, இதையெல்லாம் கவனிக்கத்தான். 1973-ல் பனிப்போர் எதிரியான சோவியத்தின் சைபீரியாவும் அதில் பதிவானது.

2005-ல் லாரன்ஸ் ஸ்மித் குழு அந்தப் படங்களை 1997-98 படங்களோடு ஒப்பிட்டது. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 10,882-லிருந்து 9,712 ஆகியிருந்தன. 125 ஏரிகள் சுத்தமா இல்லை!

எங்க போச்சு தண்ணி? அங்கே வருஷக்கணக்கா உறைஞ்சே கிடக்கும் மண்தான் ஏரிக்கு அடித்தட்டு. அது உருகி ஓட்டை விழுந்தா தண்ணி கீழே இறங்கிடும். இன்னும் வடக்கே, உறைமண் தடிமனா இருக்கிற இடத்தில், உருகல் இப்பதான் ஆரம்பம். அங்கே நிலம் அமுங்கி, ஏரிகள் கூடின.

காடுதான் இந்த மண்ணுக்குப் போர்வை. கிழக்கு சைபீரியாவின் படகாய் ஊர்ப்பக்கம் 1960கள் வாக்கில் மரங்களை அகற்றினாங்க. வெயில் நேரா விழுந்தது. உள்ளிருந்த பனிக்கட்டி உருகியது. சின்ன ஓடையா ஆரம்பிச்சது இன்னிக்குக் கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் அகலப் பள்ளம். அது வளர்றதையும் செயற்கைக்கோள் படங்கள்ல பார்க்கலாம்.

ஒரு காலத்தில் லேண்ட்சாட் 7 படம் ஒன்று 600 டாலர். 2008-லிருந்து மொத்த லேண்ட்சாட் தொகுப்பும் இலவசம். லேப்டாப் இருந்தா நீங்களும் எண்ணலாம். 1973-ல் அந்த ஏரிகளை எண்ண யாருக்கும் தோணல. ஆனா படத்தை யாரும் தூக்கிப் போடல.