குப்பைமேட்டினுள் ஒரு கிணறு

அரசர்களின் ஆட்சியாண்டுகளையும் போர்க்களங்களையும் மாணவர்க்குக் கற்பிப்பது எம்போன்ற ஆசிரியர்களின் தொழில். நகரங்கள் தாம் கழித்தெறிந்த பொருள்களை என்ன செய்தன என்பதும் வரலாறே. எனினும் நம் பாடநூல்கள் அதனை அதிகம் பேசுவதில்லை. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து 30க்கு மேற்பட்டோரைப் புதைத்தபின்னராவது நாம் அதனைப் பேசாதிருத்தல் தகாது.

1937இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஜீன் வின்சென்ஸ் என்னும் பொறியியலாளர் ஒரு புதுமுறையைக் கையாண்டார். அகழி வெட்டிக் குப்பையை இட்டு, அதனை நன்கு அமுக்கி, நாள்தோறும் மண்ணால் மூடுவதே அம்முறை. எலியும் புகையும் நாற்றமும் பெரிதும் அடங்கின. ஆனால் மழைநீர் உட்புகுவதை அந்த மண்போர்வை தடுக்கவில்லை. 1987இல் மூடப்பட்ட அவ்விடத்தை 1989இல் அமெரிக்க அரசு கடுமையாக மாசடைந்த இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. 2001இல் அதே இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தது. ஒரே நிலத்துக்கு இவ்விரு பட்டங்களும் கிடைத்தமை விந்தையே.

குப்பையினூடு இறங்கும் மழைநீர், அழுகும் பொருள்களின் சாற்றோடு கலந்து கரிய ஊறல்நீராகின்றது. அமோனியாவும் உப்புகளும் உலோகங்களும் அதில் கரைந்திருக்கும். நிலத்தடி நீரை அது கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவர். அதனினுங் கொடிய வேறொன்றும் உண்டு. மேட்டினுள் நீர்மட்டம் உயர உயர, அந்நீரின் அமுக்கம் குப்பைப் படைகளின் பாரத்தைத் தான் தாங்கத் தொடங்கும், படைகளிடையே உள்ள உராய்வு குறையும், சரிவு நிலைதளரும். 1997 செப்ரெம்பர் 27இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து டோனா ஹுவானா மேட்டில் நிகழ்ந்தது இதுவே. அங்கே ஊறல்நீரை மீண்டும் குப்பைக்குள்ளேயே செலுத்தி வந்தனர். ஏறத்தாழ 8 இலட்சம் கனமீற்றர் குப்பை பெயர்ந்து, அயலிலுள்ள ஆற்றையே மறித்தது. 2000 யூலை 10இல் மணிலாவை அடுத்த பயாத்தாஸ் மேடு பெருமழையின்பின் சரிந்தது. 2005 பெப்ரவரி 21இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகருக்கருகே லியூவிகாஜா மேடு சரிந்தது. இவ்விரு இடங்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அக்குப்பையைப் பொறுக்கியே வயிறு வளர்த்த ஏழைகள்.

அடியில் நீர்புகாத் தளமும் வடிகுழாயும் அமைத்துவிட்டாற் கவலை குறையும். தளத்தின்மேல் ஊறல்நீர் 30 சதமமீற்றருக்கு மேல் நிற்கலாகாது என்று 1991இல் அமெரிக்கா விதித்தது. ஆனால் பழைய மேடுகளின் கீழே வடிகுழாய் ஏது? குழாய் இருந்த இடங்களிலும் சேறும் சுண்ணமும் அதனை அடைத்துவிடுகின்றன. அந்நிலையில், மேலிருந்து கிணறு துளைத்து இறைப்பதே எஞ்சிய வழி. அகன்ற துளையிட்டு, துவாரமிட்ட குழாயை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் சரளைக்கல் நிரப்புவர். அடித்தளத்தைத் துளைத்துவிடாதபடி சற்று மேலேயே நிறுத்திக்கொள்வர்.

நீரை எப்படி மேலே கொணர்வது? உறிஞ்சு பம்பி ஓரளவுக்குமேல் நீரை உயர்த்தாது என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தமது நூலிலே குறித்தார். வளியமுக்கமே அதற்குக் காரணமென்பதை அவர் மாணாக்கர் தொரிசெல்லி பின்னர் விளக்கினார். எல்லை ஏறத்தாழ 10 மீற்றர். நடைமுறையில் அதனினுங் குறைவு. 30 மீற்றர் ஆழக் கிணற்றுக்கு அது உதவாது. ஆகவே பம்பியையே அடியில் இறக்கி, நீரை மேல்நோக்கித் தள்ளவேண்டும். மெதேன் வாயு நிறைந்த துளையில் மின்பொறி தீப்பொறிக்கு இடந்தரலாம் என்பதனால், அழுத்திய காற்றால் இயங்கும் பம்பிகளைப் பலவிடங்களில் விரும்புகின்றனர்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். கோடையில் விரைந்து இறைத்தால் கிணறு வற்றும். ஊறும்வரை காத்திருத்தல் வேண்டும். குப்பைமேட்டில் அக்காத்திருப்பு மிக நீண்டது. மேற்பாரத்தால் நெருங்கிய ஆழத்துக் குப்பையில் நீர் மெல்லவே நகரும். பொலித்தீன் தாள்கள் அதனை ஆங்காங்கே மறித்துத் தொங்கவைக்கும். ஒரு கிணறு தன்னைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தையே வடிக்குமாதலால், பல கிணறுகள் தேவைப்படுகின்றன. குப்பை அமிழ அமிழக் குழாய்கள் வளைந்து, உள்ளே பம்பி சிக்கிக்கொள்வதுமுண்டு.

இறைத்த நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடவும் ஒண்ணாது. மீண்டும் மேட்டில் ஊற்றினால் என்னாகும் என்பதற்குப் பொகோட்டா சான்று. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அதுவும் குப்பை கொட்டுவது நின்றபின்னர், எவரும் அவ்விடத்தை எண்ணிப்பாராத காலத்தில் வேண்டும். அமெரிக்க விதியின்படி, மூடிய மேட்டைப் பராமரிக்கவேண்டிய காலம் பொதுவாக 30 ஆண்டுகள். தேவையெனின் அதனை நீட்டவும் அவ்விதி இடமளிக்கின்றது.